மோட்டார் கொட்டாயில் கேட்ட ஒப்பாரி

எங்கள் வீட்டில் யாரையும் சட்டென்று நம்பும் பழக்கம் கிடையாது. வாசலில் புது ஆள் வந்து நின்றால் அம்மா முதலில் காலைப் பார்ப்பாள், செருப்பு எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்று. பிறகு கையைப் பார்ப்பாள், பையில் என்ன இருக்கிறது என்று. முகத்துக்கு வருவது கடைசியில்தான். எனக்கும் அதே புத்தி ஒட்டிக்கொண்டது. எண்பதுகளின் கடைசியில், எனக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்த சமயம், தோளில் தோல்பை மாட்டிய ஒரு பெண் வெண்ணந்தூர் பஸ்ஸிலிருந்து இறங்கி எங்கள் காட்டு வரப்பு வழியாக நடந்து வந்தாள். எனக்கு அவளைப் பார்த்தவுடனே பிடிக்கவில்லை.

மெட்ராஸில் பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி செய்வதாகவும், கிராமத்துப் பாட்டுகளைச் சேகரிக்க வந்திருப்பதாகவும் சொன்னாள். சேலத்தில் ஒரு பெண்கள் விடுதியில் தங்கி, ஊர் ஊராகப் போய் வருகிறாளாம். பையைத் திறந்து டேப் ரிக்கார்டரைக் காட்டினாள். பாட்டுக்காக ஒரு பொம்பளை வெயிலில் இவ்வளவு தூரம் நடந்து வருவாளா? ஊரில் ஒருவர்கூட நம்பவில்லை. குடும்பக் கட்டுப்பாட்டுக்கு ஆள் பிடிக்க வந்தவள் என்றார்கள் சிலர். யாரிடம் எவ்வளவு நிலம் இருக்கிறது என்று மோப்பம் பிடிக்க வந்தவள் என்றார்கள் சிலர். டீக்கடைக்காரர் மட்டும் எல்லாம் தெரிந்தவர் மாதிரி சிரித்தார்.

"சினிமாக்காரங்க அனுப்பிச்ச ஆளுங்க இது. இப்ப வார படத்துல நம்ம களையெடுப்புப் பாட்டு மாதிரியே எல்லாம் வருதில்லீங்களா? அவனுக்கு அது எப்படித் தெரியும்? இப்படி ஒருத்தி வந்து புடிச்சுக்கிட்டுப் போயித்தான் விக்கிறா."

என் சந்தேகம் வேறு. மாப்பிள்ளை வீட்டார் சங்ககிரியில் லாரி வைத்திருப்பவர்கள். நாலு ஊர் ஆட்களைப் பார்த்துப் பழகியவர்கள். பெண் வீட்டைப் பற்றித் தெரிந்துகொள்ள அவர்கள்தான் இவளை அனுப்பியிருக்க வேண்டும் என்று முடிவு கட்டிவிட்டேன். அதனால் அவள் எதிரில் தலை குனிந்து நடந்தேன், கேட்டதற்கு மட்டும் பதில் சொன்னேன், சோறு போட்டால் பாதியில் எழுந்துகொண்டேன். அவள் அதைக் கவனித்த மாதிரியே தெரியவில்லை. அது இன்னும் எரிச்சலாக இருந்தது.

அவள் தேடி வந்தது அம்மாவை. ஒப்பாரிக்கு எங்கள் சுற்றுவட்டாரத்தில் அம்மாவை விட்டால் ஆள் கிடையாது. கூலிக்குப் பாடுகிறவள் அல்ல. சொந்தபந்தம், பழகிய வீடு என்று போவாள். போய் உட்கார்ந்தால் செத்தவரின் வாழ்க்கை முழுவதும் பாட்டில் வந்துவிடும். எந்தக் காட்டில் என்ன வெள்ளாமை வைத்தார், எந்த வருஷம் மாடு செத்தது, கடைசியில் எந்த மகன் வைத்தியம் பார்த்தான், எவன் பார்க்கவில்லை, எல்லாம் வரும். அம்மா தெருமுனையில் வருகிறாள் என்றால் சில வீட்டு மருமகள்கள் சமையல்கட்டுக்குள் போய்விடுவார்கள்.

ஆனால் யாரும் சண்டைக்கு வரமாட்டார்கள். அழுகையில் சொன்னது அழுகையோடு போய்விட வேண்டும் என்பது எங்கள் பக்கத்து வழக்கம். மறுநாள் அதை எடுத்துப் பேசக் கூடாது. கணவனிடம் சொல்ல முடியாததை, அண்ணன் தம்பியிடம் கேட்க முடியாததை ஒரு பொம்பளை வாய்விட்டுச் சொல்ல இருந்த ஒரே இடம் அது. அதை யாரும் பறிக்கவில்லை, அந்த மெஷின் வரும் வரைக்கும்.

ஒப்பாரி பாடச் சொல்லி அந்தப் பெண் கேட்டதும் அம்மாவுக்கு வந்ததே கோபம்.

"கல்யாணம் வெச்சிருக்கற ஊட்ல ஒப்பாரி பாடச் சொல்றயே கண்ணு, படிச்ச புள்ளதான நீ? செத்த ஆளில்லாம பாடுனா பாட்டு ஆளத் தேடிக்கிட்டு வரும்."

அவள் மன்னிப்புக் கேட்டாள், ஆனால் போகவில்லை. மறுநாளும் வந்தாள். எங்களோடு கடலைக்காய் பறித்தாள். கும்மிப் பாட்டு, தாலாட்டு என்று கேட்டதை எல்லாம் பதிந்து, திருப்பிப் போட்டுக் காட்டினாள். அம்மா தன் குரலைக் கேட்டு வாயைப் பொத்திக்கொண்டாள். பிறகு, "இது நானில்ல. என்ற கொரலு இம்புட்டுக் கீச்சா இருக்காது. மிசினு ஏதோ பண்ணுது" என்று சொல்லிவிட்டு, இன்னொரு முறை போடச் சொன்னாள். இதில் ஏதோ சூது இருக்கிறது என்று நான் அப்பாவிடம் சொன்னேன். அப்பா எந்த வம்புக்கும் போகாதவர். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு மாட்டைப் பார்க்கப் போய்விட்டார்.

அதற்கப்புறம் ஒரு நாள் அம்மாவே அவளிடம் சொன்னாள். "எங்கப்பனுக்குப் பாடறேன். அவரு போயி வருசமாச்சு. போனவருக்குப் பாடுனா தப்பில்ல. ஆனா ஊட்ல வேண்டாம். கெணத்துமேட்டுக்குப் போலாம்."

அம்மா ஏன் ஒத்துக்கொண்டாள் என்று எனக்குத் தெரியும். நாமகிரிப்பேட்டையில் தாத்தா செத்த அன்று அவளால் பாட முடியவில்லை. என் மாமா, அம்மாவுக்கு இருந்த ஒரே தம்பி, இழவு வீட்டுக்கு மைக் செட் பிடித்திருந்தார். பந்தலில் இரண்டு பக்கமும் கூம்புக் குழாய். அதில் காலையிலிருந்து சினிமாவில் வரும் சோகப் பாட்டுகள். அப்போது அப்படி வைப்பதுதான் கௌரவம் என்று ஆகியிருந்தது. அம்மா தாத்தாவின் கால்மாட்டில் உட்கார்ந்து வாயைத் திறந்தாள், பக்கத்தில் இருந்த எனக்கே கேட்கவில்லை. சத்தத்தைக் குறைக்கச் சொல்லி ஆள் அனுப்பினாள். "ஊருல எல்லாரும் இப்படித்தானுங்கக்கா பண்றாங்க. நம்ம மட்டும் கொறச்சா நல்லாருக்குமா?" என்று மாமா வந்து சொல்லிவிட்டுப் போனார். ஊருக்கெல்லாம் அழுதவள் பெற்ற அப்பனுக்கு அழாமல் திரும்பி வந்தாள்.

கிணற்றுமேட்டில் அம்மா ஒரு சொம்புத் தண்ணீரும் வெற்றிலையும் வைத்தாள். நாமகிரிப்பேட்டை இருக்கும் திசையைப் பார்த்து உட்கார்ந்து, முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டாள். டேப் சுற்ற ஆரம்பித்தது.

"கல்லு ஒடச்சுக் கெணறு வெட்டுன என்னப் பெத்த அப்பா – அந்தக்
கெணத்துத் தண்ணி உப்புன்னு சொன்னவங்க எத்தன பேரு
உப்புத் தண்ணி குடிச்சு வளந்த மவ வந்தேன் – உன்
ஒதட்டுல பால் ஊத்த எடம் உடல, கேட்டயாப்பா"

பக்கத்துக் காட்டில் களையெடுத்துக்கொண்டிருந்த பெண்கள் ஒவ்வொருவராக வந்து வரப்பில் உட்கார்ந்தார்கள். அம்மாவுக்கு அவர்கள் வந்தது தெரியாது.

"கூம்புக் கொழா கட்டி வெச்சாங்க பந்தலிலே – அதுல
கூலிக்குப் பாடறவன் அழுதானே உனக்காக
பெத்த மவ அழுத சத்தம் கேக்கலயே உனக்கு – நான்
பெரும்பாட்ட முழுங்கிப்புட்டு வந்தேனே என் ஊட்டுக்கு"

தாத்தாவை நான் எப்போதும் சுருட்டும் இருமலுமாகத்தான் பார்த்திருக்கிறேன். அவர் பஞ்சத்தில் ரோட்டுக்குக் கல் உடைக்கப் போனவர், கஞ்சித்தொட்டியில் வாங்கிய கஞ்சியைத் தான் குடிக்காமல் வீட்டுக்கு மறைத்து எடுத்து வந்தவர், மஞ்சள் மூட்டையோடு சேலம் மண்டிக்கு வண்டி ஓட்டிப் போய் விலை படியாமல் மூட்டையோடே திரும்பி வந்தவர் என்பதெல்லாம் அன்றைக்குத்தான் தெரிந்தது. பள்ளிக்கூடத்துச் சரித்திரப் புத்தகத்தில் ராஜாக்கள் வந்தார்கள், சண்டை போட்டார்கள், செத்தார்கள். கிணறு வெட்டியவன் அதில் வரவில்லை. இந்தப் பாட்டில்தான் சரித்திரம் இருக்கிறது என்று அந்தப் பெண் முதல் நாள் சொன்னபோது நான் மனதுக்குள் சிரித்தேன். இப்போது என்னால் அழுகையை அடக்க முடியவில்லை. அழுதுகொண்டே, இவள் இதையும் போய்ச் சங்ககிரியில் சொல்லுவாளோ என்று ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டேன். அவளும் அழுதுகொண்டிருந்தாள். அது நடிப்பா இல்லையா என்று அப்போது என்னால் சொல்ல முடியவில்லை.

வரப்பில் உட்கார்ந்திருந்தவர்களில் யாரோ ஒருத்தி பஸ்ஸில் பேசியிருக்கிறாள். பேச்சு வாய்க்கு வாய் மாறி நாமகிரிப்பேட்டைக்குப் போய்ச் சேர்ந்தபோது அது ஒப்பாரியாக இல்லை. 'உங்கக்கா காட்டப் பத்தி மிசின்ல பேசி வெச்சிருக்குது, மெட்ராஸ்லருந்து ஆளக் கூட்டியாந்து' என்று ஆகியிருந்தது. பெண்களுக்கும் சொத்தில் பங்கு என்று சட்டம் வருவதாக ரேடியோவில் சொல்லிக்கொண்டிருந்த நேரம் அது. ஊர் ஊராக ஆம்பிளைகள் அக்கா தங்கச்சிகளைக் கொஞ்சம் தள்ளி நின்றே பார்த்தார்கள். தாத்தா எதையும் எழுதிவைக்காமல் போனவர். மாமாதான் எல்லாக் காட்டையும் ஓட்டிக்கொண்டிருந்தார். அம்மா அதைப் பற்றி ஒரு நாளும் வாய் திறந்ததில்லை.

முகூர்த்தப் புடவை எடுக்க மாமா வரவில்லை. உடம்பு சரியில்லை என்று சொல்லி அனுப்பினார். பந்தக்கால் போட நாள் குறித்துச் சொல்லி அனுப்பியதற்குப் பதிலே இல்லை. எங்களுக்குக் கலக்கமாகிவிட்டது. எங்கள் பக்கத்தில் தாய்மாமன் வந்து மணப்பெண்ணின் நெற்றியில் பட்டம் கட்ட வேண்டும். நூலில் கோத்த சின்னத் தகடுதான் அது. ஆனால் அதைக் கட்ட வேண்டிய கை அவருடையது. தாய்மாமன் இருந்தும் வரவில்லை என்றால் மாப்பிள்ளை வீட்டில் ஏன் என்று கேட்பார்கள். அதற்கு நாம் சொல்லும் பதிலையும் நம்பமாட்டார்கள். என் கல்யாணம் ஒரு டேப்பில் மாட்டிக்கொண்டு நின்றது.

கடைசியில் மாமா ஊரிலிருந்து ஒருவர் மொபெட்டில் வந்தார். டீயைக் குடித்துவிட்டு, எங்கோ பார்த்துக்கொண்டு சொன்னார்: "அந்த டேப்ப ஒருக்காக் கேக்கோணும்னு சொன்னாருங்க. கேட்டுட்டு அப்பறந்தான் கல்யாணத்துக்கு வாரதப் பத்திச் சொல்வாருங்களாம்."

அம்மா கீழே விழுந்து கிடந்த முறத்தை எடுத்துச் சுவரில் சாய்த்து வைத்தாள். நான் சேலத்துக்கு பஸ் ஏறி, விடுதியைத் தேடிப் பிடித்து அந்தப் பெண்ணிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் முகத்தில் முதல் முறையாக எங்கள் வீட்டுச் சந்தேகத்தைப் பார்த்தேன். "உங்க மாமா டேப்பைப் பிடுங்கிக்க மாட்டாரே?" என்று கேட்டாள். அப்புறம் பக்கத்துக் கடையில் இன்னொரு கேசட்டில் அதைப் பதிந்து, அந்த நகலைத்தான் எடுத்துக்கொண்டு என்னோடு கிளம்பினாள். அன்றிலிருந்து அவள்மேல் எனக்கு இருந்த சந்தேகம் பாதி குறைந்தது. நம்மை மாதிரித்தான் இவளும் என்று தோன்றியது.

பந்தக்கால் போடப் போகிற வீட்டில் அதைப் போட முடியாது. அதனால் காட்டில் மோட்டார் கொட்டாயில் போடுவது என்று முடிவானது. கரண்ட் இல்லாத நேரமாகப் பார்த்துக்கொண்டோம், மோட்டார் ஓடாது.

மாமா தனியாக வரவில்லை. கூடவே வெள்ளை வேட்டி, கக்கத்தில் பையோடு ஒருவர். ராசிபுரத்தில் வக்கீலிடம் குமாஸ்தாவாக இருப்பவர் என்று மாமா சொன்னபோது அம்மா அவர் காலையும் பார்க்கவில்லை, கையையும் பார்க்கவில்லை. தம்பியின் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"வா சாமி. வந்து உக்காரு" என்றாள்.

"தப்பா நெனச்சுக்காதீங்கக்கா. காலம் அப்படி இருக்குது. ஒருக்காக் கேட்டுட்டா மனசு ஆறிப்போகும்."

ஸ்டார்ட்டர் பெட்டிக்குக் கீழே சாக்கை விரித்து மாமாவும் குமாஸ்தாவும் உட்கார்ந்தார்கள். அம்மா கதவுக்கு வெளியே, தொட்டியின் ஓரத்தில் உட்கார்ந்தாள். அந்தப் பெண் பட்டனை அமுக்கினாள். அம்மாவின் குரல் அந்தச் சின்னக் கொட்டாய்க்குள் பெரிதாகக் கேட்டது. கிணறு வந்தது, கஞ்சித்தொட்டி வந்தது, கூம்புக் குழாய் வந்தது. மாமா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். தன் அப்பனைப் பற்றிக் கேட்கும் முகம் இல்லை அது. எப்போது காடு வரும் என்று காத்திருக்கும் முகம். எனக்கு அவரைப் பிடித்துத் தள்ள வேண்டும் போல இருந்தது.

கடைசியில் காடும் வந்தது.

"மஞ்சக் காட்டு வரப்பிலே என் கால் தடம் இருக்குதப்பா – அதுல
மறுபடியும் நடக்க ஆசயில்ல, நடக்கவும் மாட்டேனப்பா
ஏரோட்டும் கொழந்தகிட்டச் சொல்லி வெய்யப்பா – என்
ஏழக்கால் தடத்த மட்டும் அழிக்க வேண்டாம்னு"

மாமா தலையை நிமிர்த்தினார். குமாஸ்தா கையைக் காட்டி நிறுத்தச் சொன்னார். அந்த வரியை இன்னொரு முறை போடச் சொன்னார். கேட்டுவிட்டுத் தாடையைத் தடவினார்.

"இங்கதானுங்க கொஞ்சம் இடிக்குது. தடம் இருக்குதுங்கறாங்க. அழிக்கக் கூடாதுங்கறாங்க. கேக்கறதுக்குச் சாதாரணமாத்தான் இருக்கும். ஆனா பின்னால ஒருத்தர் இத, எனக்கு அந்தக் காட்டுல பாத்தியத இருந்துதுன்னு அப்பவே சொல்லி வெச்சிருக்கேன்னு திருப்பலாமுங்க. அம்மாகிட்ட, பங்கு வேண்டாம்னு ஒரு கையெழுத்து வாங்கிக்கிட்டா யாருக்கும் தொந்தரவு இல்லீங்க."

பையிலிருந்து காகிதத்தை எடுத்தார். ஏற்கெனவே எழுதிக் கொண்டுவந்திருந்தார்கள். டேப்பில் என்ன இருந்தாலும் அந்தக் காகிதம் வெளியே வந்திருக்கும்.

அந்தப் பெண்ணுக்குத் தாங்கவில்லை. "ஐயா, இது அழுகை. இதுல போய்..." என்று ஆரம்பித்தாள். அம்மா எழுந்து கதவருகே வந்து அவளை நிறுத்தினாள். குமாஸ்தாவைப் பார்த்துக் கேட்டாள்.

"ஏனுங்க, அப்ப எனக்குப் பாத்தியத இருக்குதுங்களா?"

குமாஸ்தா மாமாவைப் பார்த்தார். "அது வந்துங்க... கேட்டா இருக்குதுங்க. கேக்காத வரைக்கும் ஒண்ணுமில்லீங்க."

அம்மா மாமா பக்கம் திரும்பினாள். அவர் பிறந்தபோது அம்மாவுக்கு இடுப்பில் பிள்ளை தூக்கும் வயசு. அவரை இடுப்பில் வைத்துக்கொண்டுதான் ஆடு மேய்த்தாள்.

"இந்த நாள் வரைக்கும் எனக்கு அந்த நெனப்பே இல்ல சாமி. உன்ற புள்ளைங்க ஓட்டட்டும்னுதான் இருந்தேன். அழுகைல சொன்னத மறுநாள் யாரும் எடுத்துப் பேசுனதில்ல, நம்ம சனத்துல. அப்பனுக்கு நான் அழுததக் கேக்க நீ வக்கீல் ஊட்டு ஆளக் கூட்டியாந்திருக்கற. அதனால இப்பக் கேக்கறேன். என்ற பங்கக் குடு."

மாமா சாக்கிலிருந்து எழுந்து வேட்டியை உதறிக் கட்டினார். குமாஸ்தா காகிதத்தை மடித்துப் பைக்குள் வைத்தார். நான் கொண்டுபோய்க் கொடுத்த மோரை இருவரும் தொடவில்லை. அவர்கள் வரப்பில் போவதைப் பார்த்துக்கொண்டே நின்றேன். அம்மாவை நினைத்துப் பெருமையாகவும் இருந்தது, என் கல்யாணம் அந்த வரப்பில் போகிறதே என்று பயமாகவும் இருந்தது. இரண்டில் பயம்தான் அதிகம். உண்மையைச் சொன்னால், அந்த நேரத்தில் அம்மாமேல் கோபம்கூட வந்தது. கல்யாணம் முடியட்டும் என்று ஒரு மாதம் பொறுத்திருக்கக் கூடாதா?

பங்கு பின்னாளில் வந்தது. பெரியவர்கள் நடுவில் உட்கார்ந்து பேசி, தண்ணீர் ஏறாத மேட்டாங்காட்டில் ஒரு துண்டாக வந்தது. எல்லைக்கல்லை மாமா ராத்திரியோடு ராத்திரியாக நகர்த்திவிட்டார் என்று அம்மா சாகும் வரை சொல்லிக்கொண்டிருந்தாள். அந்தப் பெண் டேப்போடு மெட்ராஸ் போனாள். சினிமாவில் எங்கள் பாட்டு வருகிறதா என்று டீக்கடைக்காரர் ரொம்ப நாள் ஒவ்வொரு படமாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

கல்யாணத்தன்று காலை மாமா வருவார் என்று யாரும் நம்பவில்லை. மாப்பிள்ளை வீட்டுப் பெரியவர் ஒருவர், "மாமனக் காணமுங்களே?" என்று இரண்டு தரம் கேட்டுவிட்டார். ஒன்றுவிட்ட மாமன் ஒருவரைப் பிடித்து நிறுத்தலாமா என்று அப்பா காதோடு பேசிக்கொண்டிருந்தார். அப்போதுதான் மாமா வந்தார். புது வேட்டி, கையில் சீர்த்தட்டு, பின்னால் அத்தை, பிள்ளைகள். நேராக மணவறைக்கு வந்து, மடியிலிருந்து பட்டத்தை எடுத்து என் நெற்றியில் வைத்துக் கட்டினார். அம்மா பக்கத்தில்தான் நின்றாள். அக்காவும் தம்பியும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்ளவே இல்லை. பந்தியில் உட்காராமல் அவர் போய்விட்டார்.

மத்தியானம் கூட்டம் கலைந்ததும் அம்மா என்னை உள்ளே கூப்பிட்டாள். பட்டத்தை அவிழ்த்து வாங்கி, ஜன்னல் பக்கம் போய்த் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். எனக்குப் புரிந்தது. எனக்கும் அதே எண்ணம்தான் கட்டும்போதே ஓடியது: பித்தளையில் முலாம் பூசிக் கொண்டுவந்திருப்பார், ஊர் வாயை மூட. தாலி செய்த ஆசாரி இன்னும் பந்தியில்தான் இருந்தார். அம்மா அவரைக் கூப்பிட்டு உரசிப் பார்க்கச் சொன்னாள்.

ஆசாரி பையிலிருந்து கல்லை எடுத்து உரசினார். வெளிச்சத்தில் காட்டினார்.

"சுத்தமான பவுனுங்க. தகடு மாதிரியும் இல்ல, நல்ல கனமாத்தான் செய்யச் சொல்லியிருக்காரு. இவ்வளவு எடையில பட்டம் நான் இதுக்கு முந்திப் பாத்ததில்லீங்க."

அம்மா அதைக் கையில் வாங்கிக்கொண்டு அப்படியே நெல்லு மூட்டைமேல் உட்கார்ந்துவிட்டாள். சந்தோஷப்படுவாள் என்று நினைத்தேன். அவள் முகம் அந்த மோட்டார் கொட்டாயில் இருந்ததைவிட மோசமாக ஆனது.

"இத்தன குடுக்க மனசிருக்கறவன்," என்றாள், ஆசாரியைப் பார்த்து, ஏதோ அவர்தான் தம்பி என்பது போல, "நான் ஒண்ணுமே கேக்கறதுக்கு முன்னாடி எதுக்கு சாமி எனக்குப் பயந்தான்?"